எய்ஹெய்ஜி மடத்தில் ஓர் இரவு

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். தொடக்கத்தில் சில ஆண்டுகள் காசாளராக இருந்தேன். நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது எதிரே யார் வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஒரு நோட்டு குறைந்தாலும் மாலையில் கணக்கு முடிக்கும்போது அது என் கைப்பணத்திலிருந்து போய்விடும். அந்த அச்சம் தந்த கவனம் அது. அதே நான் காலையில் பூஜையறையில் அமர்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லும்போது, இருநூறாவது நாமத்துக்கு அருகில் மனம் எழுந்து வெளியே போய்விடும். எண்ணூறைத் தாண்டிய பிறகுதான் திரும்பி வரும். நடுவில் வாய் மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பணத்துக்குக் கொடுத்த கவனத்தை அம்பாளுக்குக் கொடுக்கவில்லையே என்று எப்போதாவது உறுத்தும். மறுநாளும் அதே கதைதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றையும் வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தாயார் 89 வயது வரை எங்களுடன் மயிலாடுதுறையில் இருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். அவர் ஊஞ்சலில் அமர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்தபடி, இடையிடையே ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். “நான் சொன்னது காதில் விழுந்ததாடா?” என்று கேட்டார். “விழுந்தது அம்மா” என்றேன். அன்றிரவு உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்துவிட்டது. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்பது எனக்குத் தெரியாது. அன்று செய்தித்தாளில் படித்த வைப்புநிதி வட்டி விகிதம் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

கரும காரியங்களையும் ஆண்டுத் திதியையும் முறைப்படி செய்தேன். ஆயினும் அந்த ‘ம்’ என்னைவிட்டு நீங்கவில்லை.

கடந்த ஐப்பசியில் நானும் என் மனைவியும் ஜப்பானில் நகோயா நகரில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். “மாமா, இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் பழைமையான ஜென் மடம் ஒன்று இருக்கிறது. வெளியாரும் ஓரிரவு தங்கித் துறவிகளின் ஒழுங்கைப் பழகிப் பார்க்கலாம். போவோமா?” என்று மாப்பிள்ளை கேட்டார். என் மனைவிக்குத் தயக்கம். “நம் ஊர்க் கோயிலில் இல்லாதது அங்கே என்ன இருக்கப்போகிறது?” என்றாள். சிவபாதசேகரன் என்று பட்டம் சூடிய மாமன்னன் ராஜராஜனே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கியவன்தானே என்று நான் நினைவூட்டினேன். “அப்படியானால் போய்விட்டு வாருங்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்” என்றாள். மடத்தில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை என்று அறிந்தபின் அவளுக்கு நிம்மதி.

தேவதாரு நிழலில்

சுருகா ரயில் நிலையத்தில் புல்லட் ரயிலுக்கு மாறி, புக்குயி நகரில் இறங்கி, பேருந்தில் அரை மணி நேரம் மலைப்பக்கம் சென்றால் எய்ஹெய்ஜி வந்துவிடுகிறது. ‘நிலைத்த அமைதியின் ஆலயம்’ என்பது அப்பெயரின் பொருள். வானை மறைக்கும் தேவதாரு மரங்கள். அவற்றின் நடுவே மலைச்சரிவில் படிப்படியாக எழும் மரக் கட்டடங்கள். சிறிதும் பெரிதுமாக எழுபது என்கிறார்கள். பெரிய மண்டபங்களைக் கூரை வேய்ந்த நீண்ட படிக்கட்டுகள் இணைக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட இளந்துறவிகள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

இம்மடத்தை 1244-ஆம் ஆண்டு நிறுவியவர் தோகென் என்னும் ஆசாரியர். 1200-இல் கியோட்டோவின் உயர்குடியில் பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். தாயின் ஈமச்சடங்கில் ஊதுவத்திப் புகை மேலெழுந்து கலைந்துபோவதைக் கண்டபோது, உலகில் எதுவும் நிலையாது என்ற எண்ணம் அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது என்று மடத்து மரபு கூறுகிறது. பின்னர் துறவு பூண்டு, 1223-இல் கடல் கடந்து சீனம் சென்று கற்று, 1227-இல் தாயகம் திரும்பினார். ‘தியானம்’ என்ற நம் சொல்லே சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று. அந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்றவராகப் போற்றப்படும் போதிதர்மர் தென்னிந்திய அரச குலத்தில் தோன்றியவர் என்பது மரபு. அந்த வகையில் நாம் அந்நியர் வீட்டுக்குப் போகவில்லை, தூரத்து உறவினர் வீட்டுக்குப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

வாசலிலேயே எனக்கு முதற்பாடம் கிடைத்தது. உள்ளே நடப்பதற்கென்று தரப்பட்ட செருப்பை ஓர் அறையின் முன் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். எங்களை வழிநடத்திய துறவிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் குனிந்து, ஒன்று கிழக்கும் மற்றொன்று மேற்குமாகக் கிடந்த என் செருப்புகளை எடுத்துச் சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி நேராக வைத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வவுச்சரைக்கூட இடம் மாற்றி வைக்காத நான், கோயில் வாசல்களில் எத்தனை ஆயிரம் முறை செருப்பை உதறிவிட்டு ஓடியிருக்கிறேன்! ‘காலடியைக் கவனி’ என்னும் பொருள்படும் பலகையை ஜென் ஆலய வாசல்களில் வைக்கும் வழக்கம் உண்டு என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். தெய்வத்தைக் காணப் போகிறவன், முதலில் தன் கால் எங்கே இருக்கிறது என்பதைக் காண வேண்டும் போலும்.

பேச்சில்லாத மூன்று இடங்கள்

மடத்தில் மூன்று இடங்களில் பேசலாகாது: தியான மண்டபம், குளியலறை, கழிவறை. தியான மண்டபத்தில் மௌனம் நமக்குப் புரிகிறது. மற்ற இரண்டிலும் ஏன்? உடலைத் தூய்மை செய்வதும் தியானத்துக்குக் குறையாத சாதனை என்பது தோகெனின் கொள்கை. முகம் கழுவுவதற்கும் பல் துலக்குவதற்கும்கூட அவர் விரிவான விதிகள் எழுதி வைத்திருக்கிறார். ஆசமனம், ஸ்நான சங்கல்பம், உண்ணுமுன் பரிசேஷணம் என்று நம் பெரியோர் ஒவ்வொரு செயலுக்கும் முறை வகுத்ததும் இதற்காகத்தானே? முறையை வைத்துக்கொண்டு அதன் உயிரைக் கைவிட்டவர்கள் நாம். நான் என்னைத்தான் சொல்கிறேன்.

மடைப்பள்ளிக் கட்டடத்துக்கு வந்தபோது எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருந்தது. அங்கே கவசம் தரித்து நிற்கும் தெய்வத்தின் பெயர் இதாதென். நம் ஸ்கந்தனே பௌத்தத்தோடு சீனம் வழியாகச் சென்று இப்பெயர் பெற்றான் என்பர். விரைந்து ஓடுபவன், அறத்தையும் மடத்தின் உணவையும் காப்பவன் என்று அவனை வணங்குகிறார்கள். தமிழ்க் கடவுள் அத்தனை தொலைவில் அடுக்களைக்குக் காவலாக நிற்பதைக் கண்டு ‘முருகா’ என்று கைகூப்பினேன். இளந்துறவியும் உடன் கைகூப்பினார்.

அடுக்களைக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். தோகென் சீனத்து மடம் ஒன்றில் இருந்தபோது, உச்சி வெயிலில், தலையில் மறைப்பும் இல்லாமல், முதிய சமையல்காரத் துறவி ஒருவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வயது 68. முதுகு வளைந்திருந்தது, வியர்வை வழிந்தது. இந்த வேலையை ஏவலர் எவரிடமாவது கொடுக்கலாகாதா என்று தோகென் கேட்டார். பிறர் செய்தால் அது தாம் செய்ததாகாது என்றார் முதியவர். வெயில் தணிந்தபின் செய்யலாமே என்று கேட்டதற்கு, இதைவிட்டால் வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். இளைஞர் தோகென் வாயடைத்து நின்றார். பின்னாளில், 1237-இல், மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதி, அதில் இந்நிகழ்ச்சியையும் சேர்த்தார். எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். முதியவரின் கேள்வி என்னையே கேட்டதுபோல் இருந்தது.

சுவரைப் பார்த்து

இரவு தியானம். எனக்கு முழங்கால் வலி உண்டு என்று முன்கூட்டியே தெரிவித்திருந்ததால் நாற்காலி தந்தார்கள். மண்டபத்துக்குள் இடக்காலை முன்வைத்து நுழைய வேண்டுமாம்! வலக்காலை வைத்தே பழகியவன் வாசலில் ஒரு கணம் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றமும் நன்மைக்கே. அறுபது ஆண்டுகளில் முதல்முறையாக, எந்தக் காலை வைக்கிறேன் என்று அறிந்து ஒரு வாசலைத் தாண்டினேன்.

சுவரை நோக்கி அமர வேண்டும். கண்களை மூடக் கூடாது. பாதி திறந்திருக்க வேண்டும். இடக்கையை வலக்கை மீது வைத்து, இரு கட்டைவிரல் நுனிகளும் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மனம் சிதறினால் விரல்கள் பிரியும், உறக்கம் வந்தால் சரியும் என்றார்கள். மந்திரம் இல்லை, உருவம் இல்லை, மூச்சு மட்டும். மணி மூன்று முறை ஒலித்தது.

ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு தொடங்கியது ஊர்வலம்! வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் குழாயை மூடினோமா? வாழ்நாள் சான்றிதழை எப்போது கொடுக்க வேண்டும்? 1989-இல் ஒரு கிளையில் நடந்த தணிக்கை. கீழே பார்த்தேன், கட்டைவிரல்கள் பிரிந்திருந்தன. சேர்த்தேன். மீண்டும் பிரிந்தன. மீண்டும் சேர்த்தேன். நாற்பது நிமிடத்தில் எத்தனை முறை என்று கணக்கில்லை. முடிவில் ஒரே ஒரு மணி ஒலித்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் உதவியோடு இளந்துறவியிடம் கேட்டேன்: “மனம் ஓடினால் என்ன செய்வது?”

“ஓடியது என்று தெரிந்தவுடன் திரும்பி வாருங்கள். அந்தத் திரும்புதலே பயிற்சி. ஓடாத மனம் எனக்கும் இல்லை” என்றார் அவர்.

நான் விடவில்லை. “மனம் வெளியே போயிருந்த நேரத்தில் ஒன்றை இழந்துவிட்டால்? அதைத் திரும்பப் பெற வழி உண்டா?” என்று கேட்டேன். ஊஞ்சலையும் செய்தித்தாளையும் பற்றிச் சொன்னேன். மாப்பிள்ளைக்கே அது அன்றுதான் தெரியும். அவர் குரல் தழுதழுக்க மொழிபெயர்த்தார்.

அந்த இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதற்கு என்னிடம் விடை இல்லை” என்று சொல்லி, கைகூப்பி, இடுப்பு வரை வளைந்து என்னை வணங்கினார். ஏதாவது ஒரு தத்துவத்தைச் சொல்லி என்னை அவர் அனுப்பிவைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார். ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் செய்யத் தவறியது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தார்கள். நான் வெகுநேரம் உறங்கவில்லை.

அதிகாலை வழிபாடு

நான்கு மணிக்கு முன்பே எழுப்பிவிட்டார்கள். பிரம்ம முகூர்த்தம்! குளிரில் நடுங்கியபடி, மேலே செல்லும் படிகளில் ஒவ்வொன்றாக ஏறினோம். வழிபாட்டு மண்டபத்தில் துறவிகள் ஒரே குரலாகச் சூத்திரம் ஓத, மீன் வடிவில் குடைந்த மர முழவு ஒன்று சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. ஏன் மீன்? மீன் ஒருபோதும் கண் மூடுவதில்லை. ஓதுகிறவனும் அவ்வாறு விழிப்போடு இருக்க வேண்டும் என்பது கருத்தாம். என் மனம் மதுரைக்குப் பறந்தது. இமையாத கயல்விழியால் உயிர்களைக் காக்கும் அன்னை மீனாட்சி! அவள் ஒரு கணமும் நம்மைப் பாராமல் இருப்பதில்லை. அவள் எதிரே நின்றுகொண்டு நாம்தான் எங்கோ பார்க்கிறோம்.

வந்திருந்த விருந்தினரை ஒவ்வொருவராக அழைத்து ஊதுவத்திப் பொடி இடச் சொன்னார்கள். என் முறை வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றியளவு உயர்த்தி, அம்மாவின் பெயரைச் சொல்லித் தணலில் இட்டேன். மெல்லிய புகை எழுந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் பொருட்டு எழுந்த புகையைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. நானும் பார்த்தேன், அது முழுவதும் கலைந்து மறையும் வரை. தண்ணீர்த் தொட்டி வரவில்லை, தணிக்கை வரவில்லை. அம்மா என்ன சொன்னார் என்பதும் வரவில்லை. அது இனி வராது என்பதை அங்கேதான் ஏற்றுக்கொண்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

காலை உணவு அரிசிக் கஞ்சி. தொட்டுக்கொள்ள வறுத்த எள்ளும் உப்பும், முள்ளங்கி ஊறுகாய். இந்த உணவு எத்தனை பேர் உழைப்பால் வந்தது, இதை உண்ண எனக்குத் தகுதி உண்டா என்று எண்ணிப்பார்த்த பிறகே உண்ணத் தொடங்குகிறார்கள். கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்த வேண்டும். ஊறுகாயை ஓசைபடாமல் மெல்ல வேண்டும். கடைசியில் ஒரு துண்டு ஊறுகாயை மீதம் வைத்து, தேநீர் ஊற்றிக் கிண்ணத்தை அதனாலேயே துடைத்து, அந்தத் தேநீரையும் பருகிவிட வேண்டும். துறவிகள் நண்பகல் உணவில் சில பருக்கைகளை எடுத்துப் பசித்த ஆவிகளுக்கென்று ஒதுக்கி வைப்பார்களாம். அது பின்னர் பறவைகளுக்குப் போகும். காக்கைக்குச் சோறு வைக்காமல் அம்மா ஒருநாளும் உண்டதில்லை.

விடைபெறும்போது துறவிகள் ஈரத்துணியால் படிக்கட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றும் துடைத்த படிகள்தான், தூசியே இல்லை. ஆயினும் புதிதாகத் துடைப்பதுபோல் துடைத்தார்கள். வெளியே ஓடைமேல் உள்ள பாலத்துக்கு ‘அரை அகப்பைப் பாலம்’ என்று பெயர். புத்தருக்குப் படைக்க மொண்ட நீரில் பாதியைத் தோகென் மீண்டும் ஓடையிலேயே ஊற்றிவிடுவாராம். வற்றாத ஓடைதான். ஆயினும் பின்வருவோரை நினைக்காமல் ஒரு துளியும் எடுக்கலாகாது என்பதே பாடம்.

இப்போதும் மனமும்

திரும்பும் ரயிலில் மாப்பிள்ளை ஒரு சிறு தாளில் ஜப்பானிய எழுத்து ஒன்றை எழுதிக் காட்டினார். ‘நென்’ என்று வாசிக்கிறார்கள். மேற்பாதி ‘இப்போது’, கீழ்ப்பாதி ‘மனம்’. பௌத்த நூல்களில் விழிப்புக்கு வழங்கும் ‘ஸ்மிருதி’ என்ற வடசொல்லுக்கு ஈடாக இதைத்தான் எழுதுகிறார்களாம். நான் யோசித்தேன். ஸ்மிருதி என்றால் நினைவு. தமிழிலும் ‘நினைவு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறது. மயக்கம் தெளிந்தவனை ‘நினைவு வந்துவிட்டது’ என்கிறோம். பழையதை எண்ணுவதையும் ‘நினைவு’ என்கிறோம். எந்த நேரத்தில் நாம் நினைவோடு இருந்தோமோ அந்த நேரம்தான் பிறகு நினைவில் இருக்கும். ஊஞ்சலில் அமர்ந்து அம்மா பேசிய நேரத்தை நான் மறந்துவிட்டேன் என்று மூன்றாண்டுகளாக வருந்திக்கொண்டிருந்தேன். உண்மையில் மறக்கவில்லை, நான் அங்கே இருக்கவே இல்லை.

இதற்காக எல்லோரும் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. என் மனைவி சொன்னது சரிதான். நம் கோயிலில் இல்லாதது அங்கே இல்லை. தலையில் எண்ணெய்க் குடம் சுமந்த நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் பிரதட்சிணம் செய்ய வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். அடிமேல் அடி வைக்கும் அடிப்பிரதட்சிணம் இருக்கிறது. நான்தான் எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்போது மயூரநாதர் கோயிலில் மூன்று சுற்றுக்குப் பதில் ஒரு சுற்றுதான். கால் தரையில் படுவதை அறிந்து நடக்கிறேன். வாசலில் செருப்பைச் சேர்த்து வைக்கிறேன். சகஸ்ரநாமத்தில் மனம் எழுந்து போனால், போன இடத்திலிருந்து அழைத்து வந்து, விட்ட நாமத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. சில நாள் நான்கு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. சில நாள் நாற்பது முறை. ஆயிரத்தையும் விழிப்போடு சொல்லி முடித்த நாள் இன்னும் வரவில்லை.

நம் வயதில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் பேசும்போது பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டினால் நமக்கு மனம் நோகிறது. நோகட்டும். ஆனால் நம்மிடம் பேசுகிறவர்களுக்கு நாம் எப்படிக் காது கொடுக்கிறோம் என்பதையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம்.

நேற்றுப் பிற்பகல் செய்தித்தாளோடு அமர்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து மனைவி ஏதோ சொன்னாள். ‘ம்’ என்று வாய் வரை வந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து சென்று, “காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்” என்றேன்.

“இன்று பிரதோஷம். அபிஷேகத்துக்குப் பாலும், கொஞ்சம் வில்வமும் வாங்கி வர வேண்டும்” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.